தொழிற்பிரிவு மாணவர் கையில் எரிந்த மோட்டாரைக் கொடுங்கள்

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறைக்கும், மேல்நிலைத் தொழிற்கல்விக்குப் பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

கோவைப் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை, அதாவது எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கும் பட்டறை நடத்துகிறேன். பிளஸ் டூவில் எலெக்ட்ரிக்கல் தொழிற்பிரிவு படித்த பையன்கள் என்னிடம் வேலைக்கு வருவதுண்டு. நல்ல பிள்ளைகள். வைண்டிங் படத்தைக் கலர் பென்சிலில் அழகாகப் போடுவார்கள். விதிகளைத் தடுமாறாமல் சொல்வார்கள். ஆனால் எரிந்துபோன மோட்டார் ஒன்றை முன்னால் வைத்து "இது ஏன் எரிஞ்சுச்சு?" என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். பள்ளியில் அந்தக் கேள்வியை அவர்களிடம் யாரும் கேட்டதில்லை.

என் தொழிலில் முதல் வேலையே அந்தக் கேள்விதான். தோட்டத்திலிருந்து வரும் த்ரீ ஃபேஸ் மோட்டாரின் மூடியைக் கழற்றியதும் காயிலை, அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருளைப் பார்ப்போம். சுற்றிலும் ஒரே மாதிரி கருகியிருந்தால், லோடு தாங்காமல் போயிருக்கும். இல்லை, பம்பு இறுகி மோட்டார் சுற்றாமல் நின்றிருக்கும். ஒரு கட்டு கருகி, பக்கத்துக் கட்டு புதுசு மாதிரி பளபளவென்று இருந்தால், ஓடும்போது மூன்று ஃபேஸில் ஒன்றில் கரண்ட் போயிருக்கிறது என்று அர்த்தம். மூன்று ஃபேஸ் காயில்களையும் இணைக்க ஸ்டார், டெல்டா என்று இரண்டு முறை உண்டு. ஸ்டார் கனெக்‌ஷன் என்றால் இரண்டு ஃபேஸ் காயில் கருகி ஒன்று தப்பிக்கும். டெல்டா என்றால் ஒன்று மட்டும் கருகி இரண்டு தப்பிக்கும். இதைப் பார்க்காமல் புதுக் காயில் கட்டிக் கொடுத்தால், விவசாயி பணத்தைக் கொடுத்து எடுத்துப்போன மோட்டார் சீக்கிரமே மறுபடியும் எரிந்து திரும்பி வரும். சரி செய்ய வேண்டியது ஸ்டார்ட்டரிலோ ஃபியூஸ் கேரியரிலோ இருக்கும். ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் பிரிவென்டர் போட்டிருந்தாலே போதும் என்றும் இருக்கும்.

ஸ்டார், டெல்டா பற்றிப் பையன்களுக்குத் தெரியாதா? தெரியும். படமாகத் தெரியும். கருகிய காயிலில் அதைப் பார்க்கத்தான் தெரியவில்லை. ஆசிரியர் கரும்பலகையில் படம் போடுகிறார், பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டில் அதைப் பார்த்துப் போடுகிறார்கள், செய்முறைத் தேர்வில் முன்பே தெரிந்த சோதனை ஒன்றைச் செய்து காட்டுகிறார்கள். விடை தெரிந்துகொண்டு செய்கிற வேலையில் தேடல் எங்கிருந்து வரும்?

அதனால் நான் கேட்பது இதுதான்: பழுதிலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள். வகுப்புக்கு ஓடாத மோட்டார், எரிந்த மிக்ஸி, தண்ணீர் இழுக்காத பம்பு என்று கொண்டுவந்து வையுங்கள். என்ன கோளாறு என்று ஆசிரியர் முதலில் சொல்ல வேண்டாம். பிள்ளைகள் மெக்கர் (இன்சுலேஷன் சரியாக இருக்கிறதா என்று அளக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்கட்டும், கழற்றட்டும், தப்பாகச் சொல்லட்டும், மறுபடி பார்க்கட்டும். தியரி அதன் பின்னால் வரட்டும். தேர்வும் அப்படியே இருக்க வேண்டும். பழுதான கருவியைக் கொடுத்து, கோளாறு எது, எப்படிக் கண்டுபிடித்தாய், திரும்ப வராமல் இருக்க என்ன செய்வாய் என்று கேட்டு மதிப்பெண் போடுங்கள். தேர்வு மாறாத வரை வகுப்பறையும் மாறாது. எந்த ஆசிரியரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

2018 முதல் பாடப்புத்தகங்களைப் புதுப்பித்தீர்கள். நல்ல வேலை. ஆனால் தொழில் புத்தகத்துக்காகக் காத்திருப்பதில்லை. 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு மின்சாரச் சிக்கனத்தைக் காட்டும் ஸ்டார் லேபிள் கட்டாயமாகிவிட்டது. 75 வாட் பழைய ஃபேன் இருந்த இடத்தில் 30 வாட் பக்கம் இழுக்கும் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) ஃபேன் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதில் கண்டென்சர் மாற்றும் பேச்சே இல்லை, உள்ளே எலெக்ட்ரானிக் போர்டு. இன்னும் பத்து வருஷத்தில் வேறொன்று வரும். ஒவ்வொன்றுக்கும் புத்தகம் போட்டு மாளாது. அளந்து பார்த்து, ஒவ்வொன்றாக விலக்கிக் கோளாறைப் பிடிக்கத் தெரிந்த பிள்ளை எது வந்தாலும் சமாளித்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் பேசியாக வேண்டும். தமிழ்நாட்டில் பள்ளியில் தொழில் கற்பிப்பது என்றாலே 1953-ஆம் ஆண்டுத் திட்டம் நினைவுக்கு வருகிறது. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்ற அந்தக் குலக்கல்வித் திட்டத்தை மக்கள் எதிர்த்தார்கள். 1954-இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் செய்தது சரி. அந்த எச்சரிக்கை இன்றைக்கும் வேண்டும். ஆனால் 1978-இல் மேல்நிலைக் கல்வியோடு தொழிற்பிரிவைக் கொண்டுவந்த பிறகு நடந்தது என்ன? பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்த பிள்ளைகளை, அதிலும் ஏழைப் பிள்ளைகளை, அங்கே தள்ளிவிடுவது பல பள்ளிகளில் பழக்கமாகிவிட்டது. பையன் என்றால் மெக்கானிக்கல், பெண் என்றால் தையலோ நர்சிங்கோ. கோவையில் மோட்டார் கம்பெனிகளுக்குள் போய்ப் பாருங்கள், காயில் சுற்றும் இடத்தில் எத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று! பள்ளியில் எலெக்ட்ரிக்கல் பிரிவில் சேரச் சொல்லி அவர்களை யார் கூப்பிட்டார்கள்?

குலக்கல்வியின் நிழல் விலக வேண்டுமென்றால், தொழில் எல்லாருக்குமான அறிவாக வேண்டும். இயற்பியல் படிக்கும் மாணவியும் வாரத்தில் ஒரு நாள் இந்தப் பட்டறைக்கு வரட்டும். தொழிற்பிரிவு மாணவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் தனி ஒதுக்கீடு இருக்கிறது, பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு இருக்கிறது. இதெல்லாம் தெரியாமலே வேலைக்கு வந்துவிடுகிற பிள்ளைகளைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. சேர்க்கை நாளிலேயே பெற்றோரிடம் சொல்லுங்கள்.

ஆசிரியர் இல்லாமல் இதில் எதுவும் நடக்காது. தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றதும் இடத்தை நிரப்பாமல், பிரிவையே மூடிவிட்ட பள்ளிகள் இருக்கின்றன. மெஷின் துருப்பிடித்துக் கிடக்கிறது. முதலில் நிரந்தர ஆசிரியரைப் போடுங்கள். அப்புறம் அவருக்குத் துணையாக அந்தந்த ஊர் மெக்கானிக்குகளை முறையான சம்பளத்தோடு கூப்பிடுங்கள். மதிப்பூதியம் என்ற பெயரில் சில்லறை கொடுத்தால் கடையைப் பூட்டிவிட்டு யாரும் வர மாட்டார்கள். கம்பி, பேப்பர், வார்னிஷ் வாங்கப் பள்ளிக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்குங்கள். ஒரு மோட்டாரையாவது மாணவர் தன் கையால் அவிழ்த்துக் கட்டி ஓடவிட வேண்டும்.

பழுதான மோட்டார் எங்கே கிடைக்கும் என்று யோசிக்க வேண்டாம். எங்கள் பட்டறைகளில் காயில் கட்டக் கட்டுப்படியாகாது என்று உரிமையாளர் விட்டுப்போன மோட்டார்கள் மூலையில் கிடக்கின்றன. காயலான் கடைக்குப் போவதற்கு முன் பள்ளிக்குக் கொடுக்க நான் தயார். இந்தத் தொழிலில் இருக்கும் மற்றவர்களையும் கேட்டுப் பார்க்கிறேன். வாங்கிக்கொள்ளத் தலைமையாசிரியருக்கு அனுமதி கொடுத்து ஓர் ஆணை போடுங்கள்.

இப்படிக்கு,
கோவை மாவட்டத்து மோட்டார் ரீவைண்டிங் தொழிலாளி ஒருவர்