எந்த ஊசி, எத்தனை மில்லிகிராம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

குழந்தைகளுக்குக் கழுத்தில் வரும் நிணநீர்க் கட்டி பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். நல்ல விஷயம். ஆனால் ‘ஆபரேஷன் இல்லாமல் ஊசியிலேயே கரைத்துவிடலாம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, எந்த ஊசி?

என் மகனுக்கு ஒன்றரை வயதில் இடது பக்கக் கழுத்தில் எலுமிச்சை அளவுக்கு மெத்தென்று ஒரு வீக்கம். சளி பிடித்தால் இன்னும் பெரிதாகும், சட்டையின் மேல் பட்டனைப் போட முடியாது. பொன்னுக்கு வீங்கி என்று மாமியார் வேப்பிலை அரைத்துப் பூசினார் (அவரைச் சொல்லிக் குற்றமில்லை, முதலில் பார்த்த டாக்டரே நெறிக்கட்டி என்றுதான் சொன்னார்). ஸ்கேன் எடுத்த பிறகுதான் உள்ளே பெரிய பெரிய அறைகளாக நீர் கோத்திருப்பது தெரிந்தது. அறை பெரிதாக இருந்தால் ஊசிக்கு நன்றாகக் கேட்கும். தேன்கூடு மாதிரி பொடிப்பொடியாக இருந்தால் அவ்வளவாகக் கேட்காது, அந்த மாதிரிக் குழந்தைகளுக்கு சிரோலிமஸ் என்ற மருந்தை வாய்வழியாகவும் கொடுக்கிறார்கள்.

எங்களுக்குப் போட்டது பிளியோமைசின். சிரிஞ்சில் வைக்கோல் நிறத் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு மருந்தை உள்ளே விட்டார்கள். பெயரைக் கூகுளில் தேடிய என் தம்பி ‘கேன்சர் மருந்து’ என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட, அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. கேன்சர் மருந்துதான், பொய்யில்லை. ஆனால் ஜப்பானில் இதே கட்டிக்குப் பேர்போன ஓகே-432 மருந்தும் முதலில் கேன்சருக்காக வந்ததுதானே. வீரியம் குறைந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியைப் பென்சிலினில் பதப்படுத்திச் செய்வது அது. இந்தக் கட்டியில் அதைப் போட்டுப் பார்த்து 1987இல் எழுதியவர்கள் கியோட்டோ மருத்துவர்கள். போட்டதும் காய்ச்சல் வரும், கட்டி சில நாள் நன்றாக வீங்கி அப்புறம்தான் வற்றும், பென்சிலின் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு ஆகாது. மூச்சுக்குழாய்க்குப் பக்கத்தில் இருக்கும் கட்டி அப்படி வீங்கினால் என்ன ஆகும்? அந்த மாதிரி இடத்தில் வீக்கம் குறைவாக வரும் பிளியோமைசினைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எலிக்காய்ச்சலுக்குத் தரும் டாக்சிசைக்ளினையும் கட்டிக்குள் போடுகிறார்கள். வலி அதிகம், பச்சிளம் குழந்தைக்கு ரத்தச் சர்க்கரை இறங்கிவிடக்கூடும். எத்தனால் என்ற ஆல்கஹாலையும் போடுவதுண்டு, அது நரம்பையும் தோலையும் கெடுக்கலாம். எதுதான் சிறந்தது என்று தராசில் வைத்துச் சொல்லப் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் குறைவு. என்னைக் கேட்டால் டாக்டரின் கைப்பழக்கமும் ஊரில் எது கிடைக்கிறது என்பதும்தான் பாதி முடிவு செய்கின்றன.

பிளியோமைசின் போட்டால் தோலில் பிளாஸ்திரி ஒட்டிப் பிய்க்கக் கூடாதாம், பிய்த்த இடம் பழுப்பாகிவிடுமாம். இது எங்களுக்குத் தெரியாது. இசிஜி ஸ்டிக்கரை உரித்த இடத்தில் வட்டமாக ஒரு தடம் இன்னும் மகன் மார்பில் இருக்கிறது. கட்டி முக்கால்வாசி வற்றிவிட்டதால் தடத்தைப் பெரிதாக நினைக்கவில்லை.

என் குறையே வேறு. அடுத்த ஊசிக்கு வேறு ஊர் மருத்துவமனைக்குப் போனபோது அங்கிருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, ‘இதுவரை மொத்தம் எத்தனை மில்லிகிராம் போயிருக்கிறது?’ பிளியோமைசின் சேரச் சேர நுரையீரலைப் பாதிக்கக்கூடியது, அதனால் ஒவ்வொரு தடவை போட்டதையும் கூட்டிக்கொண்டே வர வேண்டும். பின்னால் வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுத்தாலும் இதைச் சொல்ல வேண்டுமாம். எங்கள் டிஸ்சார்ஜ் தாளில் இருந்ததோ ‘கட்டியில் ஊசி சிகிச்சை செய்யப்பட்டது’ என்ற ஒரு வரிதான். மருந்தின் பெயர்கூட இல்லை. பழைய மருத்துவமனைக்குப் போன் போட்டு, கேஸ் ஷீட்டைத் தேடி எடுத்து அவர்கள் சொல்வதற்குப் பதினோரு நாள் ஆனது, அதுவரை ஊசி தள்ளிப்போனது.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, மருந்தின் பெயரையும் அளவையும் தாளில் எழுதி வாங்கச் சொல்லி ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய், திண்டுக்கல்