மருந்து ஆய்வுக்குப் போகும் மாணவர்கள் கவனிக்க

ஆசிரியருக்கு,

உயிர்ச்சமநிலை ஆய்வுகளில் (ஒரு நிறுவனத்தின் மருந்து, ஏற்கெனவே உள்ள அதே மருந்தைப் போலவே உடலில் சேர்கிறதா என்று ஆட்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகள்) பணத்துக்காகச் சேரும் கல்லூரி மாணவர்கள், ஒப்புதல் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்திடக் கூடாது. அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி, ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. நகல் இல்லாவிட்டால், அதைக் கோருவதே சிரமமாகிவிடும்.

பெரிய ஆபத்து, ஒரு மையத்தில் முடித்த கையோடு பெயரை மறைத்து இன்னொன்றில் சேர்வது. ஒரு மருந்து உடலிலிருந்து ஏறக்குறைய முழுதும் வெளியேற அதன் அரை ஆயுட்காலத்தைப்போல் (ரத்தத்தில் மருந்தின் அளவு பாதியாகக் குறையும் நேரம்) ஐந்து மடங்கு நேரமாவது வேண்டும். அதற்குள் வேறு மருந்து சேர்ந்தால் கல்லீரலுக்குச் சுமை கூடலாம். அடுத்தடுத்து ரத்தம் எடுப்பதால் ரத்தசோகையும் வரலாம். ஆய்வு முடிவும் பிழையாகும், அந்த மருந்தை நாளை நோயாளிகள் விழுங்குவார்கள்.

ஆய்வு தொடர்பான மருத்துவக் காரணத்தால் விலக்கப்பட்டால் முழுத்தொகை தர வேண்டும். தானாக விலகினாலும் பங்கேற்ற அளவுக்குத் தொகை உண்டு என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக வழிகாட்டுதல். 'பாதியில் போனால் காசில்லை' என்று மிரட்டும் இடைத்தரகரை நம்பாதீர்கள். படிவத்திலுள்ள நெறிமுறைக் குழுவின் (பங்கேற்பவர்களின் உரிமையையும் பாதுகாப்பையும் கவனிக்கும் குழு) தொலைபேசி எண்ணை அழையுங்கள்.

மருந்தியல் ஆசிரியர்கள்,
சென்னை