இடுப்பு வலிக்கு வயதைக் காரணம் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு,

நான் பிசியோதெரபிஸ்ட். மாம்பழ சீசன் வந்தால் கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள தோப்புகளில் கூடை தூக்கும் பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். "வயசாச்சு, அப்படித்தான்" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்களாம்.

பெண்ணின் இடுப்பெலும்பு அகலமானது. அடிமுதுகு வளைவு ஆண்களுக்கு 2 முள்ளெலும்புகளில் அமைந்திருக்க, பெண்களுக்கு 3 எலும்புகளில் பரவியிருக்கிறது. பிள்ளையைச் சுமக்கும்போது பின்னால் சாய்ந்து நிற்க உடம்பே செய்துகொண்ட ஏற்பாடு இது, எவ்வளவு அழகு! கர்ப்ப காலத்தில் இடுப்பு மூட்டுகளைப் பிடித்திருக்கும் நார்களும் தளரும். தேய்மானத்தால் அடிமுதுகின் 4ஆவது முள்ளெலும்பு முன்னால் நழுவுவதும் 50 வயது தாண்டிய பெண்களிடம்தான் அதிகம்.

ஆகவே வயதை மட்டும் சொல்லி விட்டுவிடாமல், தோப்புக்காரர்கள் கூடையின் அளவைச் சிறிதாக்க வேண்டும். வலிக்கிறது என்பவரை அன்றே வேலையிலிருந்து இறக்கி, மருத்துவரிடம் அனுப்புங்கள்.

ஒரு வாசகி, காவேரிப்பட்டினம்