படிக்காமல் அழுத்துவது யார் குற்றம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பிரிவு பிரிவாகப் பொறுமையாக விளக்கிக்கொண்டு வந்தவர், கடைசியில், "படித்துப் பார்க்காமல் சம்மதம் என்று அழுத்திவிட்டு, பிறகு தகவல் போய்விட்டது என்று புலம்புவது மக்களின் அலட்சியமே" என்று முடித்துவிட்டார். அன்றைக்கு முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

எதைப் படிக்கச் சொல்கிறார்? வெளியே போவானேன், உங்கள் இணையதளத்தையே பார்ப்போம். செய்தி தமிழில். விளம்பரம் தமிழில். சந்தா கட்டச் சொல்லும் பெட்டி நல்ல தமிழில். தனியுரிமைக் கொள்கை மட்டும் ஆங்கிலத்தில், அதுவும் வக்கீல் ஆங்கிலத்தில். 'ஏற்கிறேன்' என்ற பொத்தான் பச்சையாகத் திரையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. மறுக்க வேண்டும் என்றால் பொத்தானே கிடையாது. 'அமைப்புகள்' என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி இருக்கிறது, கண்ணாடி போட்டும் என் கண்ணுக்குத் தப்பும்படி. அதற்குள் போனால் 'எங்கள் கூட்டாளிகள்' என்று தள்ளத் தள்ள முடிவே இல்லாத ஒரு பட்டியல். அதிலே ஒருவரையாவது கட்டுரையாளருக்குத் தெரியுமா? அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலும், சம்மதம் கேட்கும் அறிவிப்பைப் படிக்கும் வசதி தர வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. தமிழ் அதில் உண்டு என்பதை ஒரு தமிழ் நாளிதழுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் மகள் ஜெர்மனியில் இருக்கிறாள். அங்கே கூகுளைத் திறந்தால் 'அனைத்தையும் நிராகரி' என்ற பொத்தான், ஏற்பதற்கான பொத்தானுக்குப் பக்கத்திலேயே அதே அளவில் வருகிறது. தானாக வந்துவிடவில்லை. மறுப்பதை மட்டும் சுற்றி வளைத்து வைத்திருந்ததற்காக, கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அபராதம் போட்ட செய்தி 2022 ஜனவரியில் வந்தது. அதற்குப் பிறகுதான் பொத்தான் முளைத்தது. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதமே நடைமுறைக்கு வந்துவிட்டது. அங்கேயும் ஜனங்கள் படிக்காமல்தான் அழுத்தினார்கள். அபராதம் ஜனங்களுக்கா விழுந்தது?

அந்த மகளுக்கு வரன் பார்த்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு திருமணத் தகவல் தளத்தில் பதிவு செய்தோம். ஜாதகம், படிப்பு, சம்பளம், உயரம், நிறம், புகைப்படம், எங்கள் வீட்டு எண் எல்லாம் கொடுத்தோம். கொடுக்காமல் அடுத்த பக்கம் நகராது. நிச்சயமானதும் பதிவை நீக்கச் சொன்னோம். ஏன் நீக்குகிறீர்கள், மாப்பிள்ளை எங்கள் தளம் மூலமாகக் கிடைத்தாரா, கல்யாணம் எந்தத் தேதி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். கடைசியில், 'உங்கள் விவரம் மறைக்கப்பட்டுள்ளது' என்றார்கள். மறைத்தார்களாம், அழிக்கவில்லை. மறுநாளிலிருந்து மண்டபக்காரர், சமையல் கான்ட்ராக்டர், பியூட்டி பார்லர், நகைச்சீட்டு என்று போன் ஓயவில்லை. அதைக்கூடக் கல்யாண வீட்டுச் சத்தம் என்று பொறுத்துக்கொண்டோம்.

கல்யாணம் முடிந்து வெகுநாள் கழித்து, சம்பந்தி அம்மாவின் உறவினர் ஒருவர் தன் மகனுக்குப் பெண் தேடியிருக்கிறார். நாங்கள் கேள்வியேபடாத வேறொரு தளத்தில் என் மகளின் படம் இருந்திருக்கிறது, 'மணமாகாதவர்' என்று. சம்பந்தி வீட்டிலிருந்து போன் வந்தது. அவர்கள் மரியாதையானவர்கள், கத்தவில்லை. "ஒண்ணும் இல்லைங்க, சும்மா கேட்டோம்" என்றார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து அப்படி ஒரு 'சும்மா' வந்தால் எப்படி இருக்கும் என்று உங்கள் கட்டுரையாளருக்குத் தெரிந்திருந்தால், அலட்சியம் என்று எழுதியிருக்க மாட்டார்.

தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அஞ்சலட்டைக்கு உறை கிடையாது. யார் வீட்டில் சாவு, எந்தப் பெண் புகுந்த வீட்டில் அழுகிறாள், எவன் கடனுக்கு மிரட்டுகிறான் எல்லாம் எங்கள் கையைத் தாண்டித்தான் போகும். ஒரு வார்த்தை வெளியே வராது. அடுத்தவர் கடிதத்தைப் பிரித்த ஊழியருக்கு 1898ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டத்தில் சிறைத்தண்டனை இருந்தது. தகவலைக் காப்போம் என்று தரவுச் சட்டம் கொண்டுவந்த அதே 2023இல், அந்தப் பழைய சட்டத்தை எடுத்துவிட்டுப் புது அஞ்சலகச் சட்டமும் நிறைவேற்றினார்கள். அதில் கடிதத்தைப் பிரிக்கும் ஊழியருக்குத் தண்டனையே இல்லை. இதற்கு உங்கள் நாளிதழ் எத்தனை பத்தி ஒதுக்கியது என்பது உங்களுக்கே தெரியும்.

சட்டம் வந்துவிட்டது என்று கட்டுரையாளர் பூரிக்கிறார். 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். விதிகள் வர 2025 நவம்பர் ஆனது. இணையதளங்கள் நம்மிடம் ஒழுங்காகச் சம்மதம் கேட்க வேண்டும், சொன்னால் அழிக்க வேண்டும் என்ற பிரிவுகளுக்கு அதற்கு மேலும் 18 மாத அவகாசம், அதாவது 2027 மே வரைக்கும். ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, பொதுநலன் இருந்தால் தனிநபர் தகவலைத் தரலாம் என்று அங்கே இருந்த வாசகத்தை எடுத்தார்களே, அது 2025 நவம்பரிலேயே அமலுக்கு வந்துவிட்டது. அரசிடம் தகவலைக் கேட்பவருக்குக் கதவு அன்றைக்கே சாத்தியாயிற்று. தகவலைக் கொடுத்து ஏமாந்தவர் காத்திருக்க வேண்டும்.

250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். அது அரசின் கஜானாவான இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். என் மகளுக்கு ஒரு ரூபாய் வராது. கவனக்குறைவால் தகவலைக் கோட்டைவிட்ட நிறுவனத்திடம் நஷ்டஈடு கேட்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்று ஒரு பிரிவு உண்டு. அதையும் இந்தச் சட்டம் நீக்குகிறது. பொய்ப் புகார், அற்பப் புகார் என்றால் நமக்குத்தான் 10,000 ரூபாய் வரை தண்டம். கட்டுரையில் இது ஏன் இல்லை? இடம் போதவில்லையோ?

மருந்துக்கடையில் ஒரு அட்டை மாத்திரைக்கும் "நம்பர் சொல்லுங்க" என்கிறார்கள். கட்டாயப்படுத்தக் கூடாது என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியிருக்கிறது. சொன்னால், "சிஸ்டம் எடுக்காதும்மா" என்று பதில் வருகிறது. பின்னால் நிற்பவர் பெருமூச்சு விடுகிறார்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் தளத்தின் தனியுரிமைக் கொள்கையைத் தமிழில் போடுங்கள். பச்சைப் பொத்தானுக்குப் பக்கத்தில் அதே அளவில் 'மறுக்கிறேன்' என்று இன்னொன்று வையுங்கள். 2027 மே வரை காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் உங்களைக் கட்டிப்போடவில்லை.

கடிதம் எழுதுவோர் செல்பேசி எண் தருவது கட்டாயம் என்று இந்தப் பக்கத்தின் அடியில் அச்சிட்டிருக்கிறீர்கள். தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். எழுதியது நான்தானா என்று கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டு, தாளைக் கிழித்துவிடுங்கள். உங்கள் சந்தா பிரிவுக்கு அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
மயிலாடுதுறை.