மச்சானுக்கு, மண்டபத்திலிருந்து

மண்டபம்,
ஜூன் 12.

அன்புள்ள மச்சானுக்கு,

தம்பிக்கு மதுரையில் புற்றுக்காகப் பெருங்குடலின் வலப்பக்கத்தை வெட்டி எடுத்து ஆறு வாரமாகிறது. கஞ்சியிலிருந்து சோற்றுக்கு வந்துவிட்டான். அதற்கு முன் எட்டு மாதம் ஒருவர் அவனுடைய சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை மட்டுமே எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்னும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. 47 வயது ஆணின் உடம்பிலிருந்து இரத்தம் எங்கே போகிறது என்று கேட்டிருக்க வேண்டாமா? இனி எழுதப்போவது உனக்கும் உரியது. நீ நிதானமாக இரண்டு முறை படிக்க வேண்டும் என்பதால் போனில் சொல்லவில்லை.

வெட்டி எடுத்த கட்டிக்குச் சாயமேற்றிப் பார்த்ததில், எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 என்ற இரண்டு புரதங்கள் அதன் செல்களில் இல்லை. பிறகு இரத்தத்தைச் சோதித்து, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று வரும் எம்.எஸ்.எச்.2 மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் பிறவியிலேயே பழுது இருப்பதை உறுதி செய்தார்கள். லிஞ்ச் சிண்ட்ரோம் என்பது இதன் பெயர். ஒரு செல் இரண்டாகும்போது சுமார் 600 கோடி எழுத்துள்ள டிஎன்ஏவைப் படியெடுக்கிறது. தப்பாக இணைந்த எழுத்தைக் கண்டுபிடிப்பது இந்த இரண்டு புரதங்களின் ஜோடி. மற்றொரு பிரதி நன்றாக இருக்கும்வரை வேலை நடக்கும். குடலின் உட்சுவரோ சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது. அங்கே ஏதோ ஒரு செல்லில் நல்ல பிரதியும் கெட்டுப்போனால், அதன் பிறகு பிழைகள் திருத்துவாரின்றிச் சேர்ந்துகொண்டே போய்ப் புற்றில் முடியக்கூடும்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நம் குடும்பத்தை வரைந்தேன்: ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். அப்பா 46 வயதில் குடலில் கட்டி வந்து போனார். உன் அம்மா, என் அத்தை, 49 வயதில் கர்ப்பப்பைப் புற்றால் போனார். அதைச் செய்வினை என்று சொல்லி நம்மைத் தேவிபட்டினத்துக்கு அழைத்துப் போனது உனக்கு நினைவிருக்கும். இரண்டும் வேறு வேறு நோய் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தோம். ஆனால் இந்தப் பழுது பெண்களுக்குக் கர்ப்பப்பையிலும் புற்றைக் கொண்டுவருகிறது. 1895-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு தையற்காரி, தன் குடும்பத்தாரைப் போலவே தானும் குடலிலோ கர்ப்பப்பையிலோ நோய் வந்து இளமையில் இறப்பேன் என்று ஆல்டிரெட் வார்த்தின் என்ற மருத்துவரிடம் சொன்னாளாம். கர்ப்பப்பைப் புற்றில்தான் இறந்தாள். அவள் சொன்னதற்குக் காரணமான மரபணு 1993-இல்தான் அகப்பட்டது.

பிள்ளைகளுக்கு இந்தப் பழுது போவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்கும் இருக்கிறது. சென்ற மாதம், குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி செய்துகொண்டேன். முந்தின இரவு முழுவதும் உப்புக் கரிக்கும் பேதி மருந்தை டம்ளர் டம்ளராகக் குடித்ததுதான் கொடுமை, மற்றது தூக்கத்திலேயே முடிந்துவிட்டது. சுண்டைக்காயளவில் இரண்டு பாலிப்புகள், அதாவது குடற்சுவரில் முளைக்கும் சதைகள், இருந்தன, அப்போதே எடுத்துவிட்டார்கள். சாதாரணமாகப் பாலிப் புற்றாக மாறப் பத்தாண்டு போலப் பிடிக்கும். நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே மாறிவிடக்கூடும் என்பதால் வருடத்துக்கோ இரண்டு வருடத்துக்கோ ஒருமுறை பார்த்தாக வேண்டும்.

நீ ஏதோ ஒரு சோதனைப் பொட்டலம் வாங்கி, எக்ஸ்.ஆர்.சி.சி.1 மரபணுவில் மாற்றம் இருக்கிறதென்று பயந்து எழுதியிருந்தாய். அது ஊரில் பலருக்கும் இருப்பது. அதனால் புற்று வருமா என்பதில் ஆய்வுகளும் ஒன்றுபோலச் சொல்லவில்லை. அதை மறந்துவிட்டு இதைப் பார்.

அடுத்தது பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு. முறை இருக்கிறது, இருவருக்கும் மனமும் இருக்கிறது, எனக்கும் அதைவிட மகிழ்ச்சி வேறில்லை. என் மகனுக்கு இந்தப் பழுது வந்திருக்கலாம். உனக்கு வந்திருந்தால் உன் மகளுக்கும் வந்திருக்கலாம். இருவரும் சுமந்தால், பிறக்கும் குழந்தைக்கு இரண்டு பிரதியும் கெட்டதாகவே போவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. அந்தக் குழந்தைக்கு மூளையிலும் இரத்தத்திலும் சிறு வயதிலேயே புற்று வரும் அபாயம் மிகப் பெரியது. முப்பது ஆண்டு பள்ளியில் பட்டாணிச் செடிக்குக் கட்டம் போட்டுச் சொல்லிக் கொடுத்த எனக்கு, இந்தக் கட்டத்தைப் போடுவதற்குள் கை ஓடவில்லை. ஆனால் இருவரில் ஒருவருக்கு இல்லையென்றாலே இந்த ஆபத்து இல்லை. ஆகவே நாள் குறிப்பதைச் சோதனை முடியும்வரை தள்ளி வைப்போம்; காரணத்தைப் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது என்பது என் எண்ணம். இங்கே என் மகனிடம் சொல்லிவிட்டேன். முதலில் உன்னுடையதைப் பார்ப்போம், உனக்கு இல்லையென்றால் உன் மகளுக்குப் பார்க்கவே வேண்டாம்.

தம்பியின் அறிக்கையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். சோதனைக் கூடத்தில் அதைக் காட்டு. அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தேடினால் போதும், செலவு வெகுவாகக் குறையும். அத்தையின் பழைய ஆஸ்பத்திரிக் காகிதங்கள் பரணில் இருந்தால் எடுத்து வை. இரத்தம் கொடுக்கும் நாளை எழுது, நானும் வருகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்