சுகர் இறங்கும்போது உன் மூளையை நம்பாதே

அன்புள்ள தம்பி,

புது ரூம், நைட் ஷிஃப்ட் என்று உன் சாப்பாட்டு நேரமே தலைகீழாகிவிட்டது. இன்சுலின் போடுகிறவனுக்கு இப்படி நேரம் மாறும்போது, சுகர் இறங்குவதற்குத்தான் முதலில் பயப்பட வேண்டும்.

உடல் எடையில் மூளை நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 120 கிராம் குளுக்கோஸ். சேமித்து வைக்கவும் அதற்கு இடமில்லை. ரத்தத்தில் வருவதை அப்போதைக்கப்போது எடுத்துக்கொள்ளும். பட்டினி கிடப்பவருக்குக் கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன் என்ற மாற்று எரிபொருளைச் செய்து மூளைக்குக் கொடுக்கும். இன்சுலின் கூடிப்போன உடம்பில் அதுவும் நடக்காது.

மீட்டரில் சுகர் 70க்குக் கீழே வந்தால் அட்ரினலின் சுரந்து கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். 54க்குக் கீழே மூளைக்கே தட்டுப்பாடு. பேச்சு குழறும், சின்னக் கணக்கு வராது, காரணமில்லாமல் கோபம் வரும். "எனக்கு ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று எரிந்து விழுவதும் அறிகுறிதான். முடிவெடுக்க வேண்டிய உறுப்பே அப்போது பட்டினியில் இருக்கிறது. அதனால் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், மீட்டர் 70க்குக் கீழ் காட்டினால் உடனே குளுக்கோஸ் எடு. மீட்டர் கையில் இல்லாமல் நடுக்கம் வந்தாலும் எடு.

அளவு 15 கிராம். குளுக்கோஸ் பவுடரைத் தராசில் நிறுத்து, சின்ன ஜிப் கவர்களில் 15 கிராம் வீதம் போட்டு வை. பையில் இரண்டு, தலைமாட்டில் இரண்டு. ஈரம் பட்டால் கட்டியாகிவிடும், அவ்வப்போது மாற்று. அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் பொறு. இந்த 15 நிமிடம்தான் கஷ்டம். பசி கண்டதையெல்லாம் அள்ளித் தின்னச் சொல்லும். தின்றால் இரண்டு மணி நேரத்தில் 300ஐக்கூடத் தொடலாம். மறுபடி பார்க்கும்முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. விரலில் பவுடர் ஒட்டியிருந்தால் மீட்டர் கூட்டிக் காட்டும், நீயும் ஏமாந்துவிடுவாய். இன்னும் 70க்குக் கீழே இருந்தால் இன்னொரு கவர். ஏறியபின், அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் இரண்டு இட்லியோ பிரெட்டோ சாப்பிடு. சாக்லேட்டும் கடலை மிட்டாயும் இந்த நேரத்துக்கு உதவாது. கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும்.

எண் சரியான பிறகும் மூளை தெளிய முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை வண்டியை எடுக்காதே.

அடிக்கடி இறங்கினால் நடுக்கமும் வியர்வையும் வராமலே போய்விடும், உடம்பு பழகிக்கொள்ளும். அப்படி ஆனால் மறைக்காமல் டாக்டரிடம் சொல். சில வாரம் இறங்கவே விடாமல் பார்த்துக்கொண்டால், பெரும்பாலும் எச்சரிக்கை திரும்ப வரும். அதற்காக எப்போதும் 250இல் வைத்துக்கொள்ளாதே. அது கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

பார்ட்டி பற்றியும் சொல்லிவிடுகிறேன். மது உள்ளே போனால் கல்லீரல் அதைக் கழிப்பதில் இறங்கிவிடும். புதிதாகச் சர்க்கரை செய்யாது. மறுநாள் காலையில்கூட இறங்கலாம். பார்ப்பவர்கள் போதை என்று நினைத்துத் தூங்க விட்டுவிடுவார்கள். எனக்கு மிகவும் பயம் இதில்தான்.

ரூமில் இருப்பவர்களிடம் கட்டாயம் சொல்லி வை. "சுகர் பேஷன்ட்" என்றதும் இனிப்பு கொடுக்கக் கூடாது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். விழித்திருந்து விழுங்க முடிந்தால் குளுக்கோஸ் கொடுக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழைக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவன் என்று சொல்ல வேண்டும். இன்சுலின் ஊசியை அவர்கள் தொடவே கூடாது. மயங்கியவருக்குச் சுகரை ஏற்றப் போடும் குளுக்ககான் ஊசி எல்லாக் கடையிலும் கிடைக்காது. டாக்டரிடம் சீட்டு வாங்கிச் சொல்லி வைத்து வாங்கு.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர்களிடம் பேசிவிட்டு, கவர் இருக்கும் இடத்தையும் காட்டிவிட்டு எனக்கு ஃபோன் பண்ணு.

அம்மா