ஆய்வாளர் சுட்ட பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாழடைந்த கிடங்கில் சிக்கிய கொலைகாரன் தான் செய்த கொலைகளை வரிசையாகச் சொல்லி முடிக்க, மண்டியிட்டிருக்கும் அவனை ஆய்வாளர் சுட்டுவிட்டு ஜீப்பில் ஏறிப் போவதோடு நம் துப்பறியும் படங்கள் பல முடிந்துவிடுகின்றன. குற்றவியல் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, அரங்கம் கைதட்டும் அந்த நொடியில்தான் வழக்கே தொடங்குகிறது என்று தோன்றும்.

முதலில், அந்த வாக்குமூலம் எதற்கும் உதவாது. காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலைச் சொன்னவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்ற 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலும் 23ஆம் பிரிவாகத் தொடர்கிறது. அவன் சொல்லி எடுக்கப்பட்ட கத்தி இருந்தால், அதைக் காட்டிக்கொடுத்த பேச்சு மட்டும் செல்லும்.

அடுத்தது துப்பாக்கிச் சூடு. நிராயுதபாணியாக மண்டியிட்டிருப்பவனைச் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று வாதிட இடமில்லை. மோதல் (என்கவுன்டர்) சாவுகள் குறித்து உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரில் வகுத்த நெறிமுறைகளின்படி முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும்; குற்றப் புலனாய்வுத் துறையோ வேறொரு காவல் நிலையத்தின் குழுவோ விசாரிக்க வேண்டும்; நடுவர் (மாஜிஸ்திரேட்) விசாரணையும் உண்டு. சுட்டவர் தம் துப்பாக்கியைத் தடயவியல் ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும். கையோடு பதவி உயர்வு கொடுப்பதற்கும் தடை இருப்பதால், கடைசிக் காட்சியில் வரும் பதக்கமும் கற்பனையே. அரக்கு முத்திரை கலைந்த ஒரு தடயப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு அரைநாள் குறுக்கு விசாரணை நடந்ததைப் பார்த்தவன் நான்; ஆய்வாளர் இடுப்பில் செருகிக்கொண்டு போகும் அந்தத் துப்பாக்கியை எந்த வழக்கறிஞரும் விட்டுவைக்க மாட்டார்.

இது ஏட்டளவிலான சட்டமும் அல்ல. 2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே, பெண் மருத்துவர் ஒருவரின் பாலியல் வன்கொலை வழக்கில் கைதாகியிருந்த நால்வர் காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டபோது காவலர்கள் மீது மக்கள் பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையமோ, காவல் துறை சொன்ன கதையை நம்ப இயலாது என்று கூறி, 10 காவலர்கள் மீது கொலைக் குற்றத்துக்கான விசாரணை நடத்தப் பரிந்துரைத்தது.

சுட்ட கையோடு படத்தை முடிக்காமல், மறுநாள் காலை வேறொரு நிலையத்து அதிகாரியின் மேசை மீது அந்த ஆய்வாளர் துப்பாக்கியை எடுத்து வைக்கும் காட்சியிலிருந்து ஓர் இயக்குநர் கதையைத் தொடங்கலாமே.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நீதிமன்ற எழுத்தர்,
திருச்சி.